பந்தலடிக் கீழாநெல்லி

உடன் படித்தவர்களே, நம் பள்ளியின் மலருக்காக என் பெரியப்பாவைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டிருக்கிறீர்கள். காமாலைக்கு மருந்து கொடுத்தவர், ஒருவரிடமும் காசு வாங்காதவர், கைராசிக்காரர் என்று தலைப்புக்கு வேண்டிய சொற்களையும் நீங்களே அனுப்பிவிட்டீர்கள். எழுதித் தருகிறேன். நீங்கள் எதிர்பார்த்ததாக அது இராது.

சரிபார்த்த செய்திகளை மட்டுமே இதில் எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஒருவர் இறந்தார். அவர் எதனால் இறந்தார் என்று ஒரு கதை, பிணம் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே உருவாகிவிட்டது. அக்கதையை ஒருவரும் சரிபார்க்கவில்லை. என் அம்மா அதைச் சாகும்வரை சுமந்தாள். சரிபார்க்காத ஒரு சொல் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதை அருகிருந்து பார்த்தவள் நான். ஆகவே, கண்ணால் கண்டதைக் கண்டது என்றும், கேட்டதை இன்னார் சொல்லக் கேட்டது என்றும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே எழுதுகிறேன். பெயர்களை விலக்கிவிட்டேன். உறவுமுறை போதும், ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரியும்.

முதலில் செடி. கீழாநெல்லியின்மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. ஈரமும் நிழலும் உள்ள இடங்களில் முழங்கால் உயரத்துக்குமேல் வளராத பூண்டு அது. இலைகள் நெல்லியிலையைப் போலிருக்கும். இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கிக் காமாலைக்குக் கொடுப்பார்கள். சிறுநீர்க் கடுப்புக்கும் கொடுப்பதுண்டு. சிரங்குக்கு அதையே உப்போடு சேர்த்தரைத்துப் பூசுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிரங்குக்கு உறவான உப்பு, காமாலைக்கு மட்டும் எப்படிக் கொலைகாரனாயிற்று என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

என்னிடம் தமிழ் படித்து, பின்பு மருத்துவரான ஒரு பெண்ணிடம் இச்செடியைப் பற்றி அண்மையில் கேட்டேன். அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். காமாலை என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் அடையாளம். தொற்றினால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்விலும் உணவிலும் தானே தணியும். அப்போது கையில் இருந்த தழைக்குப் பெயர் போய்ச் சேரும். பித்தநீர்ப் பாதையில் அடைப்பு ஏற்பட்டு வருவது தழையால் தணியாது, காத்திருப்பது ஆபத்து. கல்லீரல் முற்றும் பழுதாகும் காமாலையும் உண்டு. மயக்கமும் ஓயாத வாந்தியும் அதன் குறிகள். தூய இடத்தில் வளர்ந்த கீழாநெல்லியைச் சிறிதளவு உண்பதால் பெருந்தீங்கு வந்ததாகத் தான் அறியவில்லை என்றாள். ஆயினும் அது காமாலையைத் தீர்க்கும் என்பதும் உறுதிப்படவில்லை. கருவுற்றோரும் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது. உப்பில்லாப் பத்தியத்துக்குக் காமாலையில் எந்தத் தேவையும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டாள்! காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

இனிப் பெரியப்பாவின் முறை. ஞாயிறும் புதனும் விடியற்காலையில் எங்கள் வாசலில் ஆட்கள் கூடுவார்கள். வருசநாட்டிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் முதல்நாளே வந்து தங்குவோர் உண்டு. சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலில் எள்விளக்கு ஏற்றிவிட்டு மறுநாள் எங்கள் வாசலுக்கு வருவோரும் உண்டு. மஞ்சள் கண்களோடு அவர்கள் வரிசையாகக் குந்தியிருப்பதை நான் பல் துலக்கிக்கொண்டே பார்ப்பேன். பெரியப்பா காசு வாங்கியதில்லை. இது உண்மை, எழுதிக்கொள்ளுங்கள். வாங்கினால் மருந்து பலிக்காது என்பது முறை.

அம்முறையில் வேறு விதிகளும் இருந்தன. பறிக்கப் போகிறவர் குளித்து ஈர வேட்டியோடு போகவேண்டும். செடியில் இரும்பு படக்கூடாது. வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒருத்தி உடன் சென்று பித்தளைத் தாம்பாளத்தில் அதை ஏந்தி வரவேண்டும். வேர்மண்ணை உதறலாம், தண்ணீரில் கழுவக்கூடாது, கழுவினால் வீரியம் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டைவிட்டுப் புறப்பட்டது முதல் நோயாளி குடித்து முடிக்கும்வரை பறித்தவரும் ஏந்தியவளும் வாய் திறக்கக்கூடாது. எதிரில் வருபவர் பேசினாலும் மறுமொழி கூடாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். தாம்பாளம் என் கையில் இருந்தது. அதன் விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருக்கும். அந்த நசுக்கலில் கட்டைவிரலை வைத்துப் பிடித்தால் நழுவாது. பின்னர் அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டார்கள்.

சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. மணமாகாதவர். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை வேலை. திங்கட்கிழமை விடியலில் ஜீப் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். ஏலக்காய் உலர்த்தும் கொட்டடியின் புகைமணம் அவர் சட்டையில் இருக்கும். காதுவரை மூடும் பச்சைக் கம்பளிக் குல்லாயை எங்கள் ஊர் வெயிலிலும் கழற்றமாட்டார். மலையில் கற்ற மலையாளத்தை என்னிடம்தான் செலவழிப்பார். "எடி மோளே, இவிட வா" என்று அழைத்து, சட்டைப்பையிலிருந்து பச்சை ஏலக்காய் ஒன்றை எடுத்து என் வாயில் போடுவார்.

அந்தச் சித்திரையில் அவர் குல்லாயைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். கண் இரண்டும் மஞ்சள் பூத்திருந்தன. பெரியப்பா அவர் கீழிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் குடுக்குறேன், என் தம்பிக்குக் குடுக்க மாட்டேனா?" என்றார். அப்பா மட்டும் தேனிப் பெரிய மருத்துவமனையின் பெயரை ஒருமுறை சொன்னார். பெரியம்மா சிரித்துவிட்டாள். "அங்கன இருந்துதான் இங்கன வாராக, கொழுந்தனாரே. நீங்க இங்கன இருந்து அங்கன போறீகளாக்கும்?" அப்பா அதற்குமேல் பேசவில்லை. அவர் வாழ்நாளில் பேசாமல் விட்டவை பல, இது முதலாவது.

மருந்து தொடங்கியது. உப்பில்லாத அரிசிக்கஞ்சியும் மோரும் மட்டுமே உணவு. சித்தப்பா இரண்டு நாள் பொறுத்தார். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை அம்மாவிடம் திருப்பி நீட்டினார்.

"மதினி, இதைக் கழனித்தொட்டில ஊத்துங்க. காளை குடிச்சுப்பாத்துட்டு என்னைய முட்ட வரட்டும்."

"பேசாமக் குடிங்க. வாய்க்கு ருசியா கேக்குறது நோவு எறங்குற அடையாளம்னு உங்க அண்ணன் சொல்லிருக்காக."

"நோவு எறங்குதோ இல்லையோ, எனக்கு உசுரு எறங்குது."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எழுந்து கொல்லைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கால் நடுங்கிற்று. அம்மா அதைப் பார்த்தாள். அடுக்களைக்குள் போய் மரவையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துக் கஞ்சியில் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தாள். ஒளித்துச் செய்யவில்லை, நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சித்தப்பா முழுவதையும் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் மதினி நாக்கு நாக்கா இருக்கு."

அன்று மாலை அவர் என்னோடு தாயக்கட்டை ஆடினார். என்னை ஏமாற்றி ஒரு காயை வெட்டினார். நான் கத்தினேன். உப்பு உண்ட மனிதரின் நிலை அன்று மாலை இதுதான். கண்ணால் கண்டது.

மறுநாள் விடியலில் வழக்கமாகப் பறிக்கும் வாய்க்கால் கரைக்குப் போனோம். பராமரிப்புக்காக வாய்க்காலை அடைத்திருந்தார்கள். கரை வெடித்துக் கிடந்தது. முந்திய நாள்களில் எஞ்சியிருந்த செடிகளையும் நாங்களே பறித்து முடித்திருந்தோம். பெரியப்பா கரையின்மேல் நின்று சுற்றும் பார்த்தார். எதிரில் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில், கொடிகளுக்குப் பாயும் நீரில், கீழாநெல்லி கொழுத்துக் கிடந்தது. அவ்வளவு பெரிய இலையோடு நான் அச்செடியை அதற்குமுன் கண்டதில்லை.

பந்தலுக்குள் குனிந்து நுழைந்தோம். உள்ளே சுண்ணாம்பும் செம்பும் கலந்த ஒரு மணம், நாக்கின் அடியில் போய் ஊறும் மணம். திராட்சை பயிரிடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொடியில் வரும் சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் மயில்துத்தம் என்னும் செம்பு உப்பைச் சுண்ணாம்போடு கலந்து தெளிப்பது நம் பள்ளத்தாக்கின் வழக்கம். தெளித்த இலைகளில் வெளிர்நீலப் புள்ளிகள் உலர்ந்து படிந்திருக்கும்.

மோட்டார்க் கொட்டகையின் ஓரத்தில், அத்தோட்டத்தில் மருந்தடிக்கும் மாமா பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"அய்யா, நேத்துப் பொழுதடைய மருந்தடிச்சிருக்கு. அங்கன பறிக்காதீக."

பெரியப்பா நின்றார். அவர் பக்கம் திரும்பினார். வலக்கையை உயர்த்தி, போதும் என்பதுபோல் காட்டினார்.

"துத்தம் சொட்டிருக்கும் அய்யா, கீழயும்" என்றார் மாமா மீண்டும்.

பெரியப்பா அதே கையை அதேபோல் இன்னொரு முறை உயர்த்தினார். பின்பு குனிந்து பறிக்கத் தொடங்கினார்.

நான் தாம்பாளத்தை ஏந்தினேன். அதில் விழுந்த தழையில் நீலப்புள்ளிகளைக் கண்டேன். பெரியப்பாவின் ஈர வேட்டியைப் பிடித்து இழுத்து, புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். அவர் உதட்டின்மேல் விரலை வைத்தார். வீட்டில் அம்மியடியில் பெரியம்மாவிடமும் காட்டினேன். "பனி காஞ்ச தடம்டி. வாயத் தொறந்தே, மருந்து செத்துப்போகும்" என்று சொல்லிக்கொண்டே அரைத்தாள். அம்மா அப்போது தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வாய் திறந்து சொல்லாதது என் குற்றம் என்று நீங்கள் யாரேனும் இரங்க வேண்டாம். என் குற்றம் அன்று. பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டு, கண்ணையும் குருடென்று வைத்துக்கொண்டவர்கள் பெரியவர்கள்.

சித்தப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு மோரைக் குடித்து முடித்தார். கிண்ணம் கீழே வைக்கப்பட்ட ஓசை கேட்டதும் நான் கத்தினேன்.

"பெரியப்பா, அங்கன மருந்தடிச்சிருக்குன்னு அந்த மாமா சொன்னாகள்ல?"

பெரியப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். "துத்தம் பூச்சியக் கொல்லும் தாயி. மனுசனக் கொல்லாது" என்றார். கடிந்துகூடச் சொல்லவில்லை. நல்ல செய்தியொன்றைச் சொல்வதுபோல் சொன்னார்.

வெயில் ஏறுமுன் சித்தப்பா வாந்தியெடுத்தார். பச்சையும் நீலமுமாக வந்தது. பச்சை, தழையின் நிறம் என்றார்கள். நீலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவர், வாயில் பித்தளை நக்கியதுபோல் இருப்பதாகச் சொன்னார். பெரியப்பா முற்றத்தின் நடுவில் நின்று கேட்டார்:

"பத்தியத்த யார் முறிச்சது?"

அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். "நேத்து மத்தியானம் கஞ்சியில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடுத்தேன். நிக்க மாட்டாமத் தள்ளாடுனாக" என்றாள்.

அவ்வளவுதான். அந்த நொடியில் விசாரணை முடிந்தது. எங்கள் வீட்டில் ஒரு மனிதர் தரையில் சுருண்டு கிடக்க, மற்றவர்கள் எல்லாரும் நிம்மதியடைந்ததை நான் பார்த்தேன். ஆம், நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. அது மருந்தும் அன்று, மருந்து கொடுத்தவரும் அல்லர். வேறு வீட்டிலிருந்து வாழ வந்தவள்.

நான் அம்மாவின் சேலையைப் பற்றிக்கொண்டு பந்தலைப் பற்றிச் சொன்னேன். அம்மா குனிந்து முழுவதும் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. பெரியப்பா, முறிந்த பத்தியத்துக்குக் கழுவாயாக இன்னொரு வேளை கொடுக்கவேண்டும் என்று சொல்லி, தாம்பாளத்தில் எஞ்சியிருந்த அதே தழையை அரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் எதிரில் அவள் குரல் உயர்த்தியதை நான் கேட்டது அன்றுதான்.

"அந்தத் தழை வேணாம். மருந்தடிச்ச பந்தல்ல பறிச்சதுன்னு பிள்ள சொல்லுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம். நல்லாயிருப்பீக, வேணாம்."

"பிள்ளைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கா" என்றாள் பெரியம்மா. "உப்பக் குடுத்துக் கெடுத்ததும் இல்லாம மருந்தையும் மறிக்கிறியா? ஏத்தா, உனக்கு என்னதான் வேணும்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா, "உள்ள போ" என்றார். அம்மாவிடம் சொன்னார். இது அவர் பேசாமல் விட்டவற்றில் சேராது, பேசிக் கெடுத்தது.

இரண்டாம் வேளையும் சித்தப்பாவின் வாயில் ஊற்றப்பட்டது. பாதி வெளியில் வந்தது. பெரியம்மா தாடையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் அவர் பேசியதை நான் கேட்கவில்லை. மறுநாள்தான் வாடகைக் கார் வைத்துத் தேனிக்குக் கொண்டுபோனார்கள். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

மருத்துவமனையில் நடந்தது, உடன் சென்ற என் மாமா, அம்மாவின் அண்ணன், எனக்குப் பின்னர் சொன்னது. அவர் மிகையாகப் பேசும் வழக்கம் இல்லாதவர், ஆதலால் எழுதுகிறேன். மருத்துவர், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். "கீழாநெல்லிதான், வேறொண்ணும் இல்ல. இடையில ஒரு பொம்பள உப்பக் குடுத்துட்டா" என்றார் பெரியப்பா. மருத்துவருக்குச் சினம் வந்தது. "இலையும் தழையும் குடுத்துக் கொன்னுட்டு கடைசியில எங்க தலையில கட்டுங்க" என்று கத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் தழையைப் பழித்தார். இவர் உப்பைப் பழித்தார். தழை எங்கே முளைத்தது, அதன்மேல் என்ன இருந்தது என்று படித்தவரும் கேட்கவில்லை, வைத்தியரும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்களோ என்னவோ. இது ஊகம். சித்தப்பா அங்கேயே இறந்தார்.

சடலம் வந்தபோது பெரியம்மா மார்பில் அறைந்துகொண்டு அழுத அழுகையில் உப்பு இருந்தது. "ஒரு சிட்டிகையில என் ராசாவ முடிச்சாளே" என்று ஒப்பாரியில் வந்துவிட்டது. ஒப்பாரியில் வந்த சொல்லை ஊர் மறப்பதில்லை. நீங்களே உங்கள் வீடுகளில் அதைக் கேட்டிருப்பீர்கள். என்னோடு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த உங்களில் ஒருத்தி, எங்கள் வீட்டு மாங்காயை வாங்க மறுத்து, "உங்க அம்மா உப்புத் தொட்டிருப்பாக" என்றாள். அவள் இந்த மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறாள் என்று அறிகிறேன். படிக்கட்டும்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தின் விருந்து எதிலும் அம்மாவை உப்பு வைக்க விடவில்லை. இலை போட்டதும் முதலில் உப்பு வைப்பது வீட்டுப் பெண்களின் உரிமை. என் திருமணப் பந்தியில் அம்மா உப்புக் கிண்ணத்தை எடுத்தாள். பெரியம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். "அத இங்கிட்டுக் குடு. நீ பாயசம் ஊத்து ஆத்தா, அதுல ஆபத்தில்ல." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மணப்பெண்ணாக மாலையோடு உட்கார்ந்திருந்த நான் எழுந்து போய் அவள் கன்னத்தில் அறைந்திருக்கவேண்டும் என்று இன்றும் கை பதைக்கிறது. முதுமையில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடியபோது, உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் அறிவுறுத்தினார். "நான்தான் ஒருத்தருக்கும் போடுறதே இல்லையே டாக்டர்" என்றாள் அம்மா. அவர் நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார்.

இப்போது நீங்கள் அறியாத ஒன்றை எழுதுகிறேன். பெரியப்பா மருந்து கொடுப்பதை நிறுத்தவில்லை. காரியம் முடிந்து சில வாரங்களில் வாசலில் மீண்டும் ஆட்கள் கூடினார்கள். நான் வயதுக்கு வரும்வரை தாம்பாளத்தை ஏந்தினேன். அந்நாள்களில் பெரியப்பா ஒருமுறைகூடத் திராட்சைப் பந்தலுக்குள் நுழையவில்லை. கிணற்றடியில் ஒரு பாத்தி கட்டி, வாய்க்கால் கரைச் செடிகளைக் கொண்டுவந்து நட்டு, அதிலிருந்தே பறித்தார். பறித்ததை அரைக்குமுன், "மூணு தண்ணி மாத்தி அலசு" என்றார். அதுவரை தண்ணீரே படக்கூடாதிருந்த தழை! வீரியம் போய்விடுமே என்று பெரியம்மா தயங்கினாள். "சொன்னதச் செய்" என்றார். அலசுவதற்குக் கிணற்றிலிருந்து நீர் இறைத்து ஊற்றியவள் என் அம்மா.

அவருக்குத் தெரிந்திருந்தது. இதை ஊகம் என்று நான் எழுதமாட்டேன். பரம்பரை விதியை ஒரு மனிதர் காரணமின்றி மாற்றுவதில்லை. வருசநாட்டிலிருந்து வந்த முன்பின் அறியாதவனின் உயிரைக் காக்கத் தம் முறையைத் திருத்திக்கொண்டார். அது நல்லதுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தம் தம்பி மனைவியைக் காக்க ஒரு வாக்கியம் சொல்லவில்லை. பந்தியில் உப்புக் கிண்ணம் பிடுங்கப்பட்டபோது அவர் அதே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். இலையைப் பார்த்துக்கொண்டு உண்டார். உங்கள் கைராசிக்காரர்.

மருந்தடிக்கும் மாமாவைச் சென்ற ஆண்டு தேடிப் போய்ப் பார்த்தேன். உத்தமபாளையத்துப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். கண்பார்வை மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. நான் எதையும் எடுத்துக்கொடுக்காமல், அன்று விடியலில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னேன் தாயி. ரெண்டு வாட்டி சொன்னேன். கையத் தூக்கிக் காட்டுனாக. வெளங்கிருச்சுன்னு நெனச்சுப் பீடியக் குடிச்சேன்."

"அப்புறம் ஊருல உப்புன்னு பேசுனப்ப?"

"எழவுக்கு வந்தேன். உங்க பெரியப்பாரு என்னைய ஒரு பார்வ பாத்தாக. அவுக கெணத்துத் தண்ணிலதான் எங்க மொதலாளி தோட்டம் பாய்ஞ்சது. நான் குனிஞ்சுக்கிட்டேன். உங்க அம்மா என்னையப் பாத்தா தண்ணி மோந்து குடுப்பாக. ஒண்ணும் கேக்க மாட்டாக. அதுதான் தாயி எனக்குப் பொறுக்காது" என்றார்.

தெளித்தது துத்தமும் சுண்ணாம்பும் மட்டுமா என்று கேட்டேன். தொட்டியில் முதலாளி வேறொரு புட்டியிலிருந்தும் ஏதோ ஊற்றினார் என்றும், அதன்மேல் எழுதியிருந்ததைத் தமக்குப் படிக்கத் தெரியாது என்றும் சொன்னார். அம்முதலாளி இப்போது இல்லை.

இதையெல்லாம் என் மாணவியான மருத்துவரிடம் சொன்னேன். செம்பு உப்புகள் வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கும், வாந்தி நீலம் கலந்து வரக்கூடும், வாயில் உலோகச் சுவை தோன்றும், இரத்த அணுக்களைச் சிதைத்துக் காமாலையைக் கூட்டவும் செய்யும் என்றாள். மோரின் புளிப்பில் இலைமேல் உலர்ந்த செம்பு கரையக்கூடும் என்றாள். ஆனால் தழையில் படிந்த அளவு உயிரைப் போக்கப் போதுமா என்பதை இத்தனை காலத்துக்குப் பின் எவரும் சொல்ல இயலாது என்றும் சொன்னாள். அவளுடைய அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டு முற்றத்தில் அன்று ஒருவருக்கேனும் அது இருந்திருக்கலாம்.

பெரியப்பாவின் மகன் இப்போது கீழாநெல்லிப் பொடியைப் பையிலடைத்து, தந்தையின் படத்தை ஒட்டி விற்கிறார். இலை எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று கேட்டேன். "எல்லாம் நம்ம பள்ளத்தாக்குதான் தங்கச்சி, இயற்கையானது" என்றார். எந்தத் தோட்டம் என்று மீண்டும் கேட்டேன். ஆட்கள் கொண்டுவந்து தருகிறார்கள் என்றார். வாங்குவோரே, வாங்குமுன் நீங்களும் அதையே கேளுங்கள். விடை வராவிட்டால் வாங்காதீர்கள். கண் மஞ்சளானால் முதலில் இரத்தம் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். என்ன உண்டீர்கள், எங்கே பறித்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சோற்றில் உப்புப் போட்டு உண்ணுங்கள்.

இனி எனக்குத் தெரியாதவை. சித்தப்பாவுக்கு வந்தது எவ்வகைக் காமாலை என்பது தெரியாது. அந்தப் புட்டியில் இருந்தது என்ன என்பது தெரியாது. முதல்நாளே தேனிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது தெரியாது. அன்று பெரியப்பாவின் முன்னால் நின்று பந்தலைப் பற்றிப் பேசிய அம்மா, அதன்பின் ஒருநாளும் என்னிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. தன்மேல் பிழையில்லை என்று தெரிந்தே அவள் பொறுத்துக்கொண்டாளா, அல்லது எல்லாரும் சொல்லச் சொல்ல, தன் கைச் சிட்டிகைதான் அவரைக் கொன்றது என்று நம்பிவிட்டாளா? அவள் இருந்தவரை நான் கேட்கவில்லை. தெரியாது.